மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது... காலை ஊன்றத்தான் பயம்!

சமயநல்லூர், திண்டுக்கல்-மதுரை நான்குவழிச் சாலையில் பைக் சறுக்கினால் முதலில் அகப்படுவது பெரும்பாலும் கால்தான். அதிலும் முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பு முறிந்தால் லேசில் எழுந்து நடக்க முடியாது.

காரணம் என்ன? முன்பக்கம் கை வைத்துப் பாருங்கள். தோல், அதற்கடுத்து எலும்பு! நடுவே சதையே கிடையாது. அதனால் அங்கே ரத்த ஓட்டமும் குறைவு. எலும்பு கூட 4 மாதம் ஆகும். சிலருக்கு 6 மாதமும் தாண்டும். பீடி, சிகரெட் பிடிக்கிற ஆசாமிக்கு இன்னும் இழுக்கும்.

குச்சிக் கால்

"கட்டுதான் பிரிச்சாச்சே, இன்னும் ஏன் நடக்க மாட்டேங்கிறாரு?" என்று வீட்டில் புலம்புவார்கள். கட்டுக்குள் கிடந்த கால் குச்சியாகிவிடும். கணுக்கால் மடங்காது. 'ஊன்றினால் மறுபடி ஒடிஞ்சிருமோ' என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். "அசையாம படுங்க" என்று சொந்தபந்தங்களும் கட்டிலோடு கட்டிப்போட்டு விடுகிறார்கள். பாசம்தான், ஆனால் கெடுதல்! டாக்டர் "ஊன்று" என்று சொல்லிவிட்டால் ஊன்றத்தான் வேண்டும். பாரம் ஏற ஏறத்தான் எலும்பு உரம் பெறும்.

23 ஆபரேஷன்

நடிகர் விக்ரம் கதை தெரியுமா? கல்லூரிக் காலத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கினார். காலில் பலத்த அடி. 3 ஆண்டு ஆஸ்பத்திரி வாசம். காலை எடுக்காமல் காப்பாற்ற 23 ஆபரேஷன்! அதன் பிறகும் கட்டைக் கம்போடுதான் நடமாட்டம். அதே கால்களோடு 1999-ல் "சேது"வில் நின்றார்.

வீடு தேடி வரும் பயிற்சி

பயிற்சிக்குத் தினம் மதுரைக்கு ஆட்டோ வைத்துப் போக எல்லோருக்கும் வசதி ஏது? 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் உண்டு, காசு இல்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

சாயங்காலம் பாதம் வீங்குவது சகஜம். தலையணை மேல் தூக்கி வைத்தால் வடியும். கெண்டைச் சதை திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ ரத்தம் உறைந்திருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஊன்றுகோல் ஒன்றுதான் என்றால் அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலரும் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்! மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். டவுன் பஸ்சுக்கும் அதே கணக்குத்தான். வண்டி முழுசாக நின்ற பிறகு!