நெட்டையாகிவிட்ட தொட்டி மரத்திற்குக் காற்றுப் பதியம்

பால்வெட்டும் உளியை முதன்முறை கையில் எடுப்பவர் கேட்கும் எச்சரிக்கை, மரத்தைக் காயப்படுத்தாதே என்பதாகும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையேயுள்ள மெல்லிய வளர்படலத்தில் உளி பட்டால், புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். ஆகவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டே வெட்டுகிறோம். இங்கு விளக்கப்படும் வேலைக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறான கை.

போன்சாய் எனும் குறுமரம் வளர்க்க விரும்பி, ஆலினக் கன்றைத் தொட்டியில் நட்டு வீட்டினுள் வைப்போர் உளர். சில மாதங்களில் அது சன்னல் பக்கம் சாய்ந்து, கணுவிடை நீண்டு, உச்சியில் மட்டும் இலைகளோடு நிற்கும். உரமிட்டுப் பயனில்லை, குறைவு வெளிச்சமே. நீண்ட தண்டு மீண்டும் குறுகாது. எனினும் அதன் நடுவே வேர்விடச் செய்து, மேற்பகுதியைத் தனி மரமாக்கலாம். மலாய்க்காரர் எலுமிச்சைக்குச் செய்யும் 'தூட்' முறையும் இதுவே.

நீர் கட்டை வழியே மேலேறுகிறது. இலை ஆக்கும் உணவும் வேரைத் தூண்டும் பொருளும் பட்டை வழியே கீழிறங்குகின்றன. பட்டையை வளையமாக நீக்கினால் இறங்கும் வழி மட்டும் அடைபடும். அவை மேல்விளிம்பில் தேங்க, ஈரமும் இருளும் கிடைத்தால் அங்கே வேர் அரும்பும்.

முதலில் மரத்தைச் சில வாரம் வெளிச்சத்தில் வைத்துத் தேற்றுங்கள். பின்னர், தண்டின் குறுக்களவைப் போல் ஒன்றரை மடங்கு அகலத்திற்குப் பட்டையை உரித்து, வழியும் பாலைத் துடைத்து, வெண்கட்டை தெரியும்வரை வழுவழுப்பைச் சுரண்டுங்கள். பால்வெட்டில் தேர்ந்த நண்பர் ஒருவர் பழக்கத்தால் படலத்தைக் காப்பாற்றிவிட்டார்! எட்டு வாரம் கழித்துப் பிரித்தபோது வேர் ஒன்றும் இல்லை. பட்டை மீண்டும் கூடியிருந்தது. இழை அளவு படலம் எஞ்சினாலும் இதுவே நேரும்.

ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூளை வெட்டைச் சுற்றி ஒரு பிடி அப்பி, தெளிவான பிளாஸ்டிக்கால் மூடி, இரு முனையும் இறுகக் கட்டுங்கள். மேலே கறுப்புப் பிளாஸ்டிக் சுற்றினால் வெயில் படாது. நான்கிலிருந்து எட்டு வாரத்திற்குள் பெரும்பாலும் வேர் தெரியும். இரண்டொரு வேரைக் கண்டதும் அறுத்துவிடாதீர்கள், சுற்றிலும் நிறையட்டும்.

வேர்க்கட்டின் கீழே அறுத்து, நார்த்தூளை உதறாமல் தொட்டியில் நட்டு, ஆடாதபடி கட்டி, இரு வாரம் நிழலில் வைத்து, பிறகு வெளிச்சமான வாசலுக்கு மாற்றுங்கள். பழைய மூலைக்கே சென்றால் மறுபடியும் நெட்டையாகிவிடும். அடித்தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும், அதனைக் கவிழ்த்துவிடுங்கள். எஞ்சிய அடித்தண்டை எறிய வேண்டாம். ஆலினம் வெட்டிய இடத்திற்குக் கீழே பக்கத்தளிர் விடும். அதுவும் ஒரு மரம்தான்.