கலந்து கொட்டினால் பிரிந்துவிடும்!

தீபாவளி முடிந்து நான்கு நாள் ஆன மிக்சர் டின்னைத் திறந்து பாருங்கள், மாணவர்களே. மேலே கடலை, அடியில் தூள். டின் குலுங்கும்போதெல்லாம் சிறிய துகள்கள், பெரியவற்றின் இடைவெளியில் நழுவிக் கீழே இறங்கிவிடுகின்றன. அதே மிக்சரைத் தட்டில் குவியலாகக் கொட்டினால், கடலை சரிவில் உருண்டு ஓரத்துக்குப் போகும். தூள் நடுவிலேயே தங்கும்.

மிக்சரில் இதனால் நட்டமில்லை. இரும்பு உருக்கும் ஊதுலையில் உண்டு.

நம் பிறையிலேயே அப்படி ஓர் ஊதுலை இருந்தது. ஜப்பானின் யாவாத்தா நிறுவனத்துடன் கூட்டாக அமைந்த மலாயாவாத்தா எஃகு ஆலை 1967இல் இயங்கத் தொடங்கியது. மற்ற பல நாடுகளில் நிலக்கரியிலிருந்து எடுக்கும் கற்கரியைப் போடுவார்கள்; இங்கே ரப்பர் மரக்கரி! பால் வற்றிய தோட்டத்து மரங்கள் இரும்பு உருக்கப் போயின.

ஊதுலையின் உச்சியிலிருந்து கரியையும் இரும்புத் தாதுவையும் மாறி மாறிக் கொட்டுவார்கள். கீழிருந்து சூடான காற்றை ஊதுவார்கள். கரி எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடு மேலெழுந்து, தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பறிக்கும். அந்த வாயுவுக்கு வழி, கட்டிகளுக்கு இடையிலுள்ள சந்துகள் மட்டுமே. தூள் ஓரிடத்தில் சேர்ந்தால் வழி அடைபடும். வாயு, பெரிய கட்டிகள் உள்ள பக்கமாகத் தப்பிவிடும். தூள் சேர்ந்த பக்கத்துத் தாது அரைகுறையாகவே கீழிறங்கும், எரிபொருள் வீணாகும். வாயு சுவரோரமாகப் பாய்ந்தால் உலைச் சுவரே தேய்ந்துபோகும். மரக்கரி கற்கரியைவிட எளிதில் நொறுங்கும் என்பதால் தூள் தொல்லை இன்னும் அதிகம்.

சரி, உள்ளே எட்டிப் பார்க்கலாமா? அடிப்பகுதியில் வெப்பம் சுமார் 2000 டிகிரி செல்சியஸ்!

அதனால்தான் கணினியில் பார்க்கிறார்கள். பீட்டர் கண்டால், ஓட்டோ ஸ்ட்ராக் இருவரும் 1979இல் வெளியிட்ட முறை இதற்குப் பயன்படுகிறது. ஒவ்வொரு துகளையும் தனி உருண்டையாகக் கொள்வார்கள். இரண்டு உருண்டைகள் மோதினால் சுருள்வில்போல் ஒன்றையொன்று தள்ளும், உராய்வும் உண்டு. பிறகு நீங்கள் படித்த நியூட்டனின் இரண்டாம் விதிதான். விசையிலிருந்து முடுக்கம், முடுக்கத்திலிருந்து அடுத்த இடம். நொடியின் மிகச் சிறு பகுதிக்கு ஒருமுறை, இலட்சக்கணக்கான உருண்டைகளுக்கும் இதே கணக்கு. வலிமையான கணினிக்கும் நாள்கணக்கில் வேலை இருக்கும்.

இன்றைய பல உலைகளின் உச்சியில் சுழலும் சரிவுத் தகடு இருக்கிறது. அதை எந்தக் கோணத்தில் சாய்த்தால் பருமனான கரி நடுவில் விழுந்து வாயுவுக்கு வழிவிடும் என்பதை முதலில் திரையில் கொட்டிப் பார்த்துவிடலாம்.

கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? உண்மையான தாதுவைத் தரையில் கொட்டி, குவியலின் சாய்வுக் கோணத்தை அளப்பார்கள். திரையிலுள்ள குவியலும் அதே கோணத்தில் நிற்கும்வரை உராய்வு எண்ணை மாற்றுவார்கள். அந்தக் கோணத்தை நீங்களும் அளக்கலாம். ஒரு கிண்ணம் அரிசியும் பாகைமானியும் போதும்.