ஒளிப்படத் திறனாய்வு

ஒளிப்படத் திறனாய்வு என்பது ஒருவர் எடுத்த ஒளிப்படத்தைப் பார்த்து, அதில் என்ன இருக்கிறது, அது பார்ப்பவரிடம் என்ன உணர்வை எழுப்புகிறது, எடுத்தவர் எண்ணியது கைகூடியிருக்கிறதா என்பவற்றை அவருக்கு எடுத்துச் சொல்வதாகும். போட்டியில் மதிப்பெண் போடுவதிலிருந்து இது வேறுபட்டது. அங்கே எடுத்தவருக்குக் கிடைப்பது முடிவு மட்டுமே. இங்கே கிடைக்க வேண்டியது அடுத்த படத்தை எடுப்பதற்கான வழி. "அருமை", "சூப்பர்" என்னும் பாராட்டும் "சரியில்லை" என்னும் தீர்ப்பும் ஒரே வகையைச் சேர்ந்தவை. முதலாவது மகிழ்விக்கும், இரண்டாவது வருத்தும்; இரண்டிலும் கற்றுக்கொள்ள ஏதும் இல்லை.

ஒரு மிதிவண்டிப் படம்

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் 1932இல் தென் பிரான்சின் ஹியேர் நகரில் ஒரு படம் எடுத்தார். மேலிருந்து பார்க்கையில் வளைந்திறங்கும் படிக்கட்டும் அதன் இரும்புக் கைப்பிடியும் தெரிகின்றன. கீழே தெருவில் மிதிவண்டியில் ஒருவர் மங்கலாகக் கடந்து போகிறார். இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற படங்களுள் இதுவும் ஒன்று.

2006இல் ஃபிளிக்கர் தளத்தின் ஒரு குழுவில், எடுத்தவர் பெயரைச் சொல்லாமல் ஒருவர் இப்படத்தை இட்டார். படத்தை வைத்துக்கொள்ளலாமா, நீக்கிவிடலாமா என்று உறுப்பினர்கள் வாக்களிக்கும் குழு அது. படம் சிறியது, மங்கலானது என்றனர் சிலர். அசைவைக் காட்ட வேண்டுமானால் அசையாத ஏதேனும் ஒன்று கூர்மையாக இருக்க வேண்டும் என்று பாடம் சொன்னவரும் உண்டு. பெரும்பான்மையினர் நீக்கச் சொன்னார்கள்.

இந்நிகழ்ச்சி வேடிக்கைக் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. பெரிய கலைஞரை அடையாளம் காணவில்லை என்பது இதில் பெரிய குற்றமன்று. பெயர் தெரியாமல் பார்ப்பது நல்ல பழக்கமும்கூட. கவனிக்க வேண்டியது வேறொன்று. அசையாத பொருள் அப்படத்தில் ஏற்கெனவே இருக்கிறது. படிக்கட்டு நிற்கிறது, மிதிவண்டி ஓடுகிறது, படமே அதுதான். கருத்துச் சொன்னவர் "மங்கல் குறை" என்ற விதியைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்க்கவில்லை.

பார்த்ததைச் சொல்லுதல்

அமெரிக்கக் கலைக்கல்வி அறிஞர் எட்மண்ட் ஃபெல்ட்மன் கலைப்படைப்பை அணுக நான்கு படிகளை வகுத்தார். விவரித்தல், பகுத்தாய்தல், பொருள் காணல் ஆகிய மூன்றும் முடிந்த பிறகே மதிப்பிடுதல் வருகிறது. ஒளிப்படத்துக்கென டெரி பாரெட் 1990இல் வெளியிட்ட பாடநூலிலும் விவரித்தல் முதலில் நிற்கிறது. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் தீர்ப்பு, பிறகு அதற்கான காரணம் தேடல்.

விவரித்தல் எளிய வேலை போலத் தோன்றும். எடுத்துக்காட்டாக, கடற்கரையில் வலை பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரின் படத்தைக் கொள்வோம். "கண் முதலில் அவர் கைகளுக்குப் போகிறது. பிறகு வலப்பக்கம் உள்ள சிவப்புப் பிளாஸ்டிக் குடத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. முகம் கடைசியாகத்தான் தெரிகிறது" என்று ஒருவர் எழுதினால், அதில் பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. ஆயினும் எடுத்தவருக்கு வேண்டியது முழுவதும் அதில் இருக்கிறது. கைகளைக் காட்டத்தான் எடுத்தார் என்றால் பாதி வெற்றி. குடத்தை அவர் கவனிக்கவே இல்லை என்பதும் இப்போது அவருக்குத் தெரியும். எடுத்தவர் அந்த இடத்தில் நின்றவர். வெயில், காற்று, முதியவரின் பேச்சு எல்லாம் அவர் நினைவில் படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இவை எதுவும் இல்லாமல் சட்டகத்துக்குள் இருப்பதை மட்டும் பார்க்கக்கூடியவர் பிறர்தான்.

ஜூலியா மார்கரெட் கேமரன்

கருத்துரை ஒருவரை எப்படித் தொடும் என்பதற்கு நல்ல சான்று ஜூலியா மார்கரெட் கேமரனின் வாழ்க்கை. 1815இல் கல்கத்தாவில் பிறந்த இவருக்கு 1863 டிசம்பரில், 48ஆம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தனர். அடுத்த ஆண்டே இலண்டன் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். அவர் எடுத்த முகப்படங்கள் மென்மையாகக் குவியம் தளர்ந்து இருந்தன. கண்ணாடித் தகடுகளில் கீறலும் கைத்தடமும் தெரிந்தன. ஒளிப்படத் துறை இதழ்கள் இவற்றைக் கடிந்தன. தொழில்நுட்பம் கற்காத கவனக்குறைவு என்பதே அவற்றின் கருத்தாக இருந்தது.

இதே படங்களை ஓவியர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் வாட்ஸும் பார்த்தார். அட்டையில் ஒட்டிய விலையுயர்ந்த படிகளை அனுப்ப வேண்டாம், குறையுள்ள, ஒட்டப்படாத படிகளையே அனுப்பினால் போதும், அவற்றைக் கொண்டே மதிப்பிட முடியும் என்று அவர் கேமரனுக்கு எழுதினார். அதன்படி கேமரன் பழுதான படிகளை அவருக்கு அனுப்பிவந்தார். குறையை மறைக்கத் தேவையில்லாத ஒருவர் கிடைப்பது எந்த மாணவருக்கும் பெரும்பேறு. கட்டுரை நோட்டில் சிவப்பு மையைக் கண்டு அஞ்சிய பிள்ளை அடித்தல் திருத்தல் இல்லாத சிறு வாக்கியங்களையே எழுதத் தொடங்கும் என்பது ஆசிரியர்கள் அறிந்த ஒன்று.

குவியம் பற்றிய கண்டனத்தை கேமரன் ஏற்கவில்லை. எது சரியான குவியம் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று 1864இன் இறுதியில் அறிவியலர் ஜான் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டார். ஆனால் இதிலிருந்து, நுட்பக் குறை சொன்ன இதழ்கள் அனைத்தும் தவறு என்ற முடிவுக்கு வருவது சரியன்று. தகட்டில் விழுந்த கீறல் தேர்வு அல்ல, விபத்துதான். முகத்தின் மென்மையையும் கீறலையும் ஒரே பட்டியலில் சேர்த்ததே பிழை.

ராபர்ட் ஃபிராங்கின் 'அமெரிக்கர்கள்' நூலுக்கும் இதே நிலை நேர்ந்தது. அது 1958இல் பிரான்சிலும் 1959இல் அமெரிக்காவிலும் வெளிவந்தது. படங்கள் மங்கல், துகள் மிகுந்தவை, தொடுவானம் சாய்ந்திருக்கிறது என்று அக்கால ஒளிப்பட இதழொன்று சாடியது. இன்று அது ஒளிப்பட நூல்களில் முதல் வரிசையில் வைக்கப்படுகிறது.

குறையின் காரணத்தைக் காட்டுதல்

"படம் தெளிவாக இல்லை" என்பதோடு நிறுத்துவது, "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு மருத்துவர் எழுந்து போவதற்கு ஒப்பாகும். தெளிவின்மைக்கு மூன்று காரணங்கள் பொதுவானவை. அவற்றைப் படத்திலேயே பிரித்தறியலாம். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. பின்னணி தெளிவாக இருக்க, ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். இழுபடாமல் முகம் மட்டும் மங்கி, முன்னாலோ பின்னாலோ வேறொன்று கூர்மையாக இருந்தால் குவியம் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கை அசைவுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 50 மி.மீ. லென்சானால் ஷட்டர் வேகம் 1/50 நொடிக்குக் குறையாமலும், 200 மி.மீ. ஆனால் 1/200 நொடிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். ஆள் அசைவுக்கு இக்கணக்கு உதவாது. ஓடும் குழந்தைக்கு இன்னும் பலமடங்கு வேகம் தேவை.

எந்தக் குறையை இனிச் சரிசெய்யலாம், எதைச் செய்ய முடியாது என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். சாய்ந்த தொடுவானத்தைக் கணினியில் நிமிர்த்தலாம். இருண்ட பகுதியை ஓரளவு வெளிச்சமாக்கலாம். முற்றிலும் வெளுத்துப்போன வானத்தில் மேகத்தை மீட்க முடியாது. தலைக்குப் பின்னால் முளைத்த மின்கம்பத்துக்கு, அடுத்த முறை ஓர் அடி நகர்ந்து நிற்பதே வழி. சட்டகத்தைக் குறுக்கிப் பார்க்கப் பழைய முறை இன்றும் பயன்படும்: 'ட' வடிவில் வெட்டிய இரண்டு அட்டைகளைப் படத்தின்மேல் வைத்து நகர்த்தினால் போதும். எதை வெட்டலாம் என்பதை வாதிடாமலே காட்டிவிடலாம்.

கேட்டல்

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய கருத்துரை முறை பிற கலைகளிலும் பின்பற்றப்படுகிறது. அதில் பார்த்தவர்கள் தங்களைத் தொட்டதை முதலில் சொல்வர். அடுத்துக் கலைஞர் தம் ஐயங்களைக் கேட்பார். பின்னர் பார்த்தவர்கள் சார்பில்லாத வினாக்களை எழுப்புவர். கலைஞரின் ஒப்புதல் பெற்ற பிறகே அபிப்பிராயம் வரும். ஒரு படத்துக்கு இத்தனை சடங்கு தேவையா என்று தோன்றலாம். ஆனால் "எதைக் காட்ட நினைத்தீர்கள்?" என்ற ஒரே கேள்வி பல வீண் அறிவுரைகளைத் தவிர்த்துவிடும். "ஏன் இப்படி இருட்டாக எடுத்தீர்கள்?" என்பது கேள்வி போல ஒலித்தாலும் தீர்ப்புதான். "இருட்டு எதற்காக?" என்பதில் பதிலுக்கு இடம் இருக்கிறது.

படத்தில் இருப்பவர்

கருத்துரையில் அடிக்கடி விடுபடுபவர் மூன்றாம் ஆள். எடுத்தவரும் பார்ப்பவரும் ஒளி, நிழல் என்று பேசிக்கொண்டிருக்க, படத்தில் இருப்பவரிடம் ஒப்புதல் பெறப்பட்டதா, அவர் பெயர் என்ன என்ற கேள்வி எழுவதில்லை. தெருவோர மனிதர்களையும் குழந்தைகளையும் எடுத்த படங்களில் இது முதல் கேள்விகளுள் ஒன்றாக இருக்க வேண்டும்.

கேமரனின் படங்களே இதற்கும் சான்று. அவர் 1875இல் குடும்பத்துடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, களுத்துறையில் ஊர்மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த ஹெர்ஷல், டெனிசன் முதலியோரின் படங்கள் அவர்கள் பெயராலேயே அறியப்படுகின்றன. இலங்கைப் படங்கள் பெரும்பாலும் 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பது போன்ற பொதுத் தலைப்புகளையே தாங்கி நிற்கின்றன. 1879இல் இறந்த கேமரனின் கல்லறை பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் உள்ளது.