சுழல் அரம் (பல் மருத்துவம்)

சுழல் அரம் என்பது பல்லின் வேர்க்கால்வாயைத் துப்புரவாக்கி வடிவமைக்க, மின்பொறியில் பொருத்திச் சுழற்றப்படும் நிக்கல்-டைட்டானியக் கருவி ஆகும். 1988 ஆம் ஆண்டில் வாலியா, பிராண்ட்லி, கெர்ஸ்டைன் ஆகியோர் இக்கலப்புலோகத்தாலான கை அரங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். எஃகு அரம் வளைந்த கால்வாயை நேராக்க முனையும். இதுவோ வளைவோடு வளைந்து செல்லும்.

மாணவர்கள் முதலில் பிடுங்கப்பட்ட பற்களிலும் பிசின் கட்டிகளிலும் பயில்வர். கையாள எளிதாகத் தோன்றினாலும் கால்வாய்க்குள் அரம் முறிதலே பெரும் இடர். முனை சிக்கியிருக்கத் தண்டு சுழன்றால் முறுக்கத்தால் முறியும். வளைவில் தொடர்ந்து சுழன்றால் உலோகச் சோர்வால் முறியும். பின்னதற்கு முன்னறிகுறி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. எனவே 10 அல்லது 15 ஆம் எண் கை அரத்தால் முன்னதாக வழி திறக்க வேண்டும். சுழலும் அரத்தை அழுத்தலாகாது, ஓரிடத்தில் நிறுத்தலும் ஆகாது. அரம் தொடாத சுவர்ப்பகுதிகள் எப்போதும் எஞ்சுவதால், சோடியம் ஐப்போகுளோரைட்டுக் கரைசலால் கழுவுவதும் இன்றியமையாதது.