சாய்ஸ் லிஸ்ட்டை எந்த வரிசைல போடணும்?

மே மாசம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம்ம எல்லார் வீட்டுக்கும் ஒரு கேள்வி வரும். "தம்பி, நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற? எங்க பொண்ணுக்கு எந்த காலேஜ் போடலாம்?" நாமளும் நாலு காலேஜ் பேரைச் சொல்லிட்டு நகர்ந்துடுவோம். காலேஜ் பேர் சொல்ல ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. லிஸ்ட்டை எந்த வரிசைல போடணும்னு சொல்லத்தான் ஆள் இல்ல. எனக்கும் அப்ப யாரும் சொல்லல.

என் கட்-ஆஃப் 168.5. மேத்ஸ் 88 அப்படியே, ஃபிசிக்ஸ் 82ல பாதி 41, கெமிஸ்ட்ரி 79ல பாதி 39.5. மொத்தம் 200க்கு இவ்வளவுதான் கணக்கு. கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ்ல ஈ.சி.இ. படிக்கணும்னு ஆசை. பிரவுசிங் சென்டர்ல இருந்த அண்ணன், "அதுக்கு போன வருஷம் 170 தம்பி. மேல போட்டா சாய்ஸ் வேஸ்ட்"ன்னாரு. ஒன்பதாவதா போட்டேன். கண்டிப்பா கிடைக்கும்னு தோணுன காலேஜை முதல்ல போட்டேன்.

அதுவே கிடைச்சது. முதல் சாய்ஸே வந்துடுச்சுன்னு அப்பா லட்டு வாங்கிட்டு வந்தாரு. அன்னைக்கு ராத்திரிதான் தெரிஞ்சது, என் கிளாஸ் பையன் ஒருத்தன், 167, அதே கம்யூனிட்டி, அதே ரவுண்ட், எனக்கு ஆசையா இருந்த அந்த சீட்டை வாங்கிட்டான். அவன் அதை முதல்ல போட்டிருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிஸ்டம் எப்படி வேலை செய்யுது?

கவுன்சிலிங் 2018லேர்ந்து ஆன்லைன். ஒவ்வொரு ரவுண்ட்லயும் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு ஸ்டூடண்ட்டா எடுக்கும். உங்க டர்ன் வரும்போது உங்க லிஸ்ட்டை மேலேர்ந்து பார்க்கும். முதல் சாய்ஸ்ல பொதுப் பிரிவுலயோ உங்க இட ஒதுக்கீட்டுப் பிரிவுலயோ சீட் இருந்தா, அதைக் கொடுத்துட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும். கீழ இருக்கிறதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சீட் இல்லைன்னா ரெண்டாவது, மூணாவதுன்னு இறங்கும்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். கிடைக்காத காலேஜை மேல போட்டதால கீழ இருக்கிற சீட் உங்களை விட்டுப் போகாது. உங்க முறை வர்றது ரேங்க்கால, சாய்ஸ் நம்பரால இல்ல. ஆனா கிடைக்கக்கூடிய காலேஜை ஆசைப்பட்டதுக்கு மேல போட்டா, ஆசைப்பட்டது போயே போச்சு. அதனால வரிசை போட ஆசையை மட்டும் பாருங்க. போன வருஷ கட்-ஆஃப் எதுக்குன்னா, லிஸ்ட்டோட அடில போதுமான அளவு பாதுகாப்பான காலேஜ் இருக்கான்னு பார்க்க. எத்தனை சாய்ஸ் வேணும்னாலும் போடலாம், பத்தோட நிறுத்தாதீங்க. போட்டது எதுவுமே கிடைக்கலைன்னா அந்த ரவுண்ட்ல சீட்டே கிடையாது.

அப்வர்ட் யாருக்கு?

சீட் வந்ததும் அதை உறுதி செய்யணும். குறிச்ச நாளுக்குள்ள பண்ணலைன்னா போயிடும். அப்ப "ஏத்துக்கிறேன், மேல காலியானா மாத்துங்க"ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதுதான் அப்வர்ட். ஆனா அது பார்க்கிறது உங்களுக்கு வந்த சீட்டுக்கு மேல நீங்க போட்டதை மட்டும்தான். எனக்கு முதல் சாய்ஸே வந்ததால மேல ஒண்ணுமே இல்ல. இன்னொண்ணு, மேல மாறிட்டா பழைய சீட் திரும்ப வராது. அதனால நிஜமாவே போய்ச் சேரக்கூடிய காலேஜை மட்டும் மேல வைங்க.

லாக் பண்றதுக்கு முன்னாடி

* ஒரே மாதிரி பேர்ல பல காலேஜ் இருக்கு. பேரை விட்டுட்டு கவுன்சிலிங் கோடைப் பாருங்க.
* கோர்ஸ் பேர் பக்கத்துல எஸ்.எஸ்.னு இருந்தா அது சுயநிதிப் பிரிவு. அதே காலேஜ்தான், ஃபீஸ் வேற.
* பதிவுல வீட்டு போன் நம்பரையே கொடுங்க. ஓ.டி.பி. சென்டர்காரருக்குப் போகக்கூடாது. சந்தேகம்னா உதவி மையத்துக்குப் போங்க, காசு கிடையாது.
* ஆறாம் வகுப்புலேர்ந்து பன்னெண்டு வரை அரசுப் பள்ளில படிச்சவங்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, டியூஷன் ஃபீஸை அரசே கட்டிடும். வீட்டுல முதல் பட்டதாரின்னா அதுக்கும் கட்டணச் சலுகை இருக்கு. சர்டிஃபிகேட்டை முன்கூட்டியே வாங்கி வைங்க.

நான் இந்த காலேஜ்ல சந்தோஷமாத்தான் இருக்கேன், குறை சொல்ல வரல. ஆனா நாலு வருஷத்தை ஒரு லிஸ்ட்டோட வரிசை தீர்மானிக்குது. அந்த லிஸ்ட்டைப் போடுற பதினேழு வயசுப் பிள்ளை பக்கத்துல விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் அரை மணி நேரம் உட்காரணும். அந்த ஒருத்தர் நாமளா இருக்கலாம்.

இந்த வருஷம் என் தங்கச்சி. நோட்டுல எழுதிப் பார்த்த லிஸ்ட்ல அவ முதல்ல வச்சிருக்கிற காலேஜுக்கு போன வருஷக் கட்-ஆஃப் அவ மார்க்கை விட ரெண்டு அதிகம். "இது கிடைக்குமாடா?"ன்னு அப்பா கேட்டாரு.

"கிடைக்கலைன்னாலும் ஒண்ணும் போகாதுப்பா. அது அங்கேயே இருக்கட்டும்"னேன்.