அலுவலகம் இருந்தது, மொழி இருக்கவில்லை

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், லத்தீன் அமெரிக்க மக்களின் நலன்களைக் கவனிப்பதற்கென மேயரின் கீழ் தனியானதோர் அலுவலகம் இயங்கி வருகின்றது. 1976ஆம் ஆண்டு நகரசபை இயற்றிய சட்டமொன்றினால் அது தோற்றம் பெற்றது. அதன் வரலாறு, அகதி வாழ்வை அறிந்த நமக்கு அந்நியமானதன்று.

1980இல் எல் சல்வடோரில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1992இல் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாகும் வரை சுமார் 75,000 பேர் உயிரிழந்தனர். தப்பியோடியவர்களுள் பல்லாயிரம் பேர் வாஷிங்டனை வந்தடைந்தனர். இந்திபூகா என்னும் சிற்றூரிலிருந்து ஒருவர்பின் ஒருவராக வந்தோர், மவுண்ட் பிளசண்ட் பகுதியிலேயே தமக்கோர் ஊரை அமைத்துக் கொண்டனர் எனலாம்.

ஆயினும் அவர்களைக் கொன்று குவித்த அரசுக்கே அமெரிக்கா ஆயுத உதவி வழங்கி வந்தது. எனவே, 1980களில் சல்வடோர் மக்களின் தஞ்சக் கோரிக்கைகளுள் நூற்றுக்கு மூன்றேனும் ஏற்கப்படவில்லை. பிழைப்புத் தேடி வந்தவர்கள் என்றே அவர்கள் தட்டிக் கழிக்கப்பட்டனர். தேவாலயங்கள் 1985இல் தொடுத்த வழக்கு 1991இல் இணக்கத்துக்கு வந்த பின்னரே, நிராகரிக்கப்பட்ட மனுக்கள் மீள்விசாரணைக்கு வழி பெற்றன.

அதே ஆண்டு மே 5ஆம் திகதி மாலை, மவுண்ட் பிளசண்டில் சல்வடோர் இளைஞர் ஒருவரைக் கைது செய்ய முயன்ற பொலிஸ் அதிகாரி அவரைச் சுட்டுக் காயப்படுத்தினார். கலவரம் மூண்டது, பொலிஸ் வாகனங்கள் தீக்கிரையாயின, ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அமெரிக்கக் குடியுரிமைகள் ஆணைக்குழு விசாரணை நடத்தி, 1993இல் அறிக்கை வெளியிட்டது. ஸ்பானிய மொழி பேசும் பொலிஸாரும் அரச ஊழியரும் மிகக் குறைவு என்பதும், நகரின் சேவைகள் இம்மக்களைச் சென்றடையவில்லை என்பதும் அதில் பதிவாயின.

அலுவலகம் பிறந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே இக்கலவரம் நிகழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது. பெயர்ப்பலகை ஒன்று மட்டும் குறை தீர்க்காது. பொலிஸ், மருத்துவமனை, பாடசாலை என ஏனைய வாசல்களிலும் மக்களின் மொழி ஒலிக்க வேண்டும்.

அதற்கான சட்டம் 2004இல் வந்தது. ஒரு நகரத் திணைக்களத்தின் சேவையை நாடுவோருள் 500 பேர் அல்லது நூற்றுக்கு மூவர், இவற்றுள் எது குறைவோ, அத்தொகையினர் ஒரு மொழியைப் பேசுவராயின், முக்கிய ஆவணங்கள் அம்மொழியில் தரப்படல் வேண்டும். வாய்மொழிபெயர்ப்போ இத்தொகைக்குக் கட்டுப்பட்டதன்று. அங்கு வாழும் தமிழரும் அதனைக் கோரலாம். மறுக்கப்பட்டால் நகரின் மனித உரிமைகள் அலுவலகத்தில் முறையிடலாம். லத்தீன் அலுவலகமோ இன்று சமூக நிறுவனங்களுக்கு நிதி வழங்குவதுடன், ஏனைய திணைக்களங்களுக்கும் மக்களுக்கும் இடையே பாலமாகவும் நிற்கின்றது.

நம்மவர் பலர் இன்றும் அலுவலகங்களுக்குத் தம் பிள்ளைகளையே மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்கின்றனர். தாயின் நோயையும் தந்தையின் வதையையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எடுத்துரைப்பது முறையன்று. நாம் வாழும் நாட்டில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை எத்தகையது என்பதை அறிந்து, தயங்காது கேட்போமாக. அது நாம் பெறும் சலுகையன்று. நம் சொல் சரியாகப் பதியப்படுவதற்கான காப்பு.