ஏற்கெனவே கடன் இருக்கு... இப்போ வீடு வாங்கலாமா? கையெழுத்து போடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

"மாசம் 12 ஆயிரம் வாடகை கொடுக்கறதுக்கு, கூட கொஞ்சம் போட்டு இஎம்ஐ கட்டினா சொந்த வீடாச்சே!" வாடகை வீட்டில் இருக்கும் பலரும் கேட்ட வார்த்தை இது. ஆனால், பர்சனல் லோன், கிரெடிட் கார்டு பாக்கி என ஏற்கெனவே கழுத்தளவு கடனில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சரிவருமா?

ஒரு குடும்பத்தின் கணக்கு

கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து மாதம் 80 ஆயிரம் ரூபாய் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பர்சனல் லோன் இஎம்ஐ 14 ஆயிரம், பைக் லோன் 4 ஆயிரம். கிரெடிட் கார்டில் ஒன்றரை லட்சம் பாக்கி. இப்போது 50 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது.

கையில் எவ்வளவு வேண்டும்?

ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம்தான் கிடைக்கும். இங்கே அது 40 லட்சம். மீதி 10 லட்சம் நம்ம கைப்பணம்.

பத்திரச் செலவு தனி. தமிழ்நாட்டில் இதுபோன்ற மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சத்துக்கு நாலரை லட்சம். ஆக, பதினாலரை லட்சம் இருந்தால்தான் சாவி கைக்கு வரும்.

இந்தப் பணத்துக்காக நகையை அடகு வைப்பதும், இன்னொரு பர்சனல் லோன் எடுப்பதும்தான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். ஒரு வீட்டுக்கு இரண்டு கடன் என்றாகிவிடும்.

மாதக் கடைசியில் என்ன மிஞ்சும்?

40 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு வாங்கினால் இஎம்ஐ சுமார் 34,700 ரூபாய். பழைய இஎம்ஐ-களோடு சேர்த்தால் 52,700. சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கடனுக்கே போய்விடும். பாதிக்கு மேல் போனாலே பல வங்கிகள் யோசிக்கும்.

கார்டு பாக்கியை மறந்துவிடக் கூடாது. மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால், ஒன்றரை லட்சத்துக்கு வட்டி மட்டும் 5,250 ரூபாய். இதே தொகைக்கு வீட்டுக் கடன் வட்டி மாதம் ஆயிரம் ரூபாய் சொச்சம்தான். எல்லாம் போக 22 ஆயிரத்தில் சாப்பாடு, ஸ்கூல் ஃபீஸ், பெட்ரோல், மருந்துச் செலவு என எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும்.

இஎம்ஐ நின்றுபோனால்?

தவணை 90 நாட்களுக்கு மேல் பாக்கி விழுந்தால் அது வாராக்கடன். அதன்பின் 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். ஒருவருக்கு வேலை போனாலே இந்தக் குடும்பம் அந்த நிலைக்கு வந்துவிடும்.

"வரி மிச்சமாகுமே" என்பவர்களுக்கு: புதிய வருமான வரி முறையில், நாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது.

அப்போ என்ன செய்யலாம்?

* முதலில் கார்டு பாக்கி. புதிதாக எதுவும் தேய்க்காமல் மாதம் 20 ஆயிரம் கட்டினால், சுமார் பத்து மாதத்தில் முடிந்துவிடும்.
* அடுத்து பர்சனல் லோனும் பைக் லோனும் முடியட்டும். அதன்பின் இதே 34,700 இஎம்ஐ சம்பளத்தில் 43 சதவீதம்தான்.
* ஆறு மாதம் ஒத்திகை பாருங்க. வரப்போகும் இஎம்ஐ-யில் வாடகை, பழைய தவணைகள் போக மீதியைத் தனியாக எடுத்து வையுங்கள். இடையில் அதில் கை வைக்க வேண்டி வந்தால், இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.
* டவுன் பேமென்ட் போக, ஆறு மாத இஎம்ஐ-க்கான பணம் கையில் இருக்கட்டும்.

"அதுக்குள்ள விலை ஏறிடுமே?" ஏறலாம். ஆனால் விலை ஏறினால் கொஞ்சம் சின்ன வீடாக, கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம். ஏலத்தில் போன வீடு திரும்ப வராது.

வங்கி கடன் தருமா என்பது இரண்டாவது கேள்விதான். கடன் கட்டியது போக, மாசக் கடைசியில் வீட்டில் நிம்மதி மிஞ்சுமா என்பதை முதலில் கேட்டுப் பாருங்க.